தெரு தெருவாக மொழிக் கணக்கு: நெல்லைச் சீமையில் யார், எங்கே, என்ன பேசுகிறார்கள் என்று எடுக்கும் முறை

உலக மொழி வரைபடங்களில் பெரும்பாலும் ஒரு மொழிக்கு ஒரு புள்ளிதான் இருக்கும். வீரவநல்லூர்த் தறி வீடுகளில் சௌராஷ்டிரம் பேசுவதோ, கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு வந்த ரஷ்யப் பொறியாளர்கள் தங்களுக்குள் ரஷ்ய மொழியில் பேசிக்கொள்வதோ அந்தப் புள்ளியில் தெரியாது. உலகில் சுமார் 7,000 மொழிகள், பப்புவா நியூ கினியில் மட்டும் 800க்கு மேல் என்று படிக்கிறோம். இந்தக் கணக்கெல்லாம் யாரோ ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டுத்தான் தொடங்கியிருக்கிறது. எப்படிக் கேட்டார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எண்ணிக்கை கூடுவதும் குறைவதும். அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்டு, பதிவு செய்து, வரைபடத்தில் ஏற்றுவது எப்படி என்பதே இங்கே. பள்ளி, கல்லூரி மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்தால் ஒரு பேரூராட்சியை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம்.

முதலில் இருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 என்ற அட்டவணை தாய்மொழிவாரி எண்ணிக்கை தருகிறது. 2011 அட்டவணையைத் தாலுகா வரை பிரித்துப் பார்க்கலாம். இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று இடங்களில் கால் இடறும்.

ஒன்று, எல்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆகவே 2011 அட்டவணையில் 'திருநெல்வேலி' என்றிருப்பது 11 தாலுகாக்கள் கொண்ட பழைய மாவட்டம். இன்றைய மாவட்டத்துக்குக் கணக்கு வேண்டுமென்றால் தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில், சிவகிரி, வீரகேரளம்புதூர், ஆலங்குளம் ஆகிய ஆறையும் கழிக்க வேண்டும். எல்லையோரக் கிராமங்களைத் தனியே சரிபார்க்க வேண்டும். செங்கோட்டையை மறந்து கழிக்காமல் விட்டால் மலையாள எண்ணிக்கை தப்பாகத் தெரியும். அது 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி.

இரண்டு, தொகுப்பு. 2011இல் மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்து 1,369 தாய்மொழிகளாக்கி, அதையும் சுருக்கி 121 மொழிகளாக வெளியிட்டார்கள். இந்தச் சுருக்கத்தில் சௌராஷ்டிரம் குஜராத்திக்குள் போய்விட்டது. நாடு முழுவதும் சுமார் 2.47 லட்சம் பேர் அதைத் தாய்மொழியாகச் சொல்லியிருந்தும் மொழிப் பட்டியலில் அதற்குத் தனி வரி கிடையாது. போஜ்புரிக்கு 5 கோடிக்கு மேல் ஆள் இருந்தும் அது இந்திக்குள் இருக்கிறது. ஆகவே அட்டவணையில் மேல் வரியை மட்டும் பார்க்காமல் உட்பிரிவு வரிகளையும் பாருங்கள். திருநெல்வேலியில் குஜராத்தி ஆயிரக்கணக்கில் இருப்பதாகக் காட்டினால் அது பெரும்பாலும் நம்ம ஊர்ச் சௌராஷ்டிரர்தான்.

மூன்று, பத்தாயிரம். நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகச் சொன்ன மொழிக்கு அந்த 121இல் இடமே இல்லை. பாபநாசம் மலையில் காணிகள் என்ற பழங்குடியினர் பேசுவதை அங்கே தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பிரிட்டிஷ் ஆட்சியில் கிரியர்சன் என்ற அதிகாரியின் தலைமையில் நடந்த இந்திய மொழி ஆய்வு 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பட்டியலிட்டது. தொகுதிகள் 1903 முதல் 1928 வரை வந்தன. ஆனால் சென்னை மாகாணம் அந்த ஆய்வின் வரம்புக்குள் வரவில்லை. திராவிட மொழிகளை ஒரு குடும்பமாக ஒப்பிட்டு 1856இல் இலக்கணம் வெளியிட்ட கால்டுவெல் இடையன்குடியில் வாழ்ந்தவர். அந்த ஊர் உள்ள மாவட்டத்திலேயே தெருவாரியாக அப்போது யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு வேலை நிறைய மிச்சம் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம்.

எங்கே கேட்பது

ஊர் முழுக்கப் போக வேண்டாம். ஒரு மொழி கொத்தாக இருக்கும் தெரு ஒன்று, கலந்த தெரு ஒன்று, வெளியூர்த் தொழிலாளர் தங்கும் இடம் ஒன்று, இந்த மூன்று போதும். அறுபது வீட்டுத் தெருவென்றால் மூன்றில் ஒரு வீடு என்று எண்ணிப் போங்கள். முதல் வீட்டைச் சீட்டுப் போட்டு எடுங்கள். 'தெரிஞ்ச வீடு, நல்லா பேசுவாங்க' என்று பொறுக்கினால் கணக்கு அங்கேயே கெட்டது. மொழியை ஆர்வமாகக் காப்பாற்றும் வீடுகள் மட்டும்தான் வரும். ஒரு வீட்டுக்கு 25 நிமிடம் வைத்துக்கொண்டால் இருபது வீட்டுக்கு எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். நாலு சாயங்காலம்.

சாதிப் பெயரை வைத்து மொழியை எழுதிவிடாதீர்கள். நாயக்கர் வீடென்றால் தெலுங்கு என்று கேட்காமலே எழுதுவது இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தப்பு. கோவில்பட்டி, கயத்தாறு பக்கம் தெலுங்கு வழக்கில் உள்ள வீடும் உண்டு, இரண்டு தலைமுறையாகத் தமிழ் மட்டும் பேசும் வீடும் உண்டு. படிவத்தில் சாதிக்குக் கட்டமே வைக்காதீர்கள். வைத்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

காணிக் குடியிருப்புகள் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் போகக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் ஊர்ப் பெரியவரிடம் ஒருமுறை போய்ச் சொல்லிவிட்டு, பதிவுக்கு வேறொரு நாள் போவதுதான் முறை.

செங்கல் சூளை, கட்டட வேலை, ஓட்டல் இங்கெல்லாம் மேஸ்திரியோ முதலாளியோ பக்கத்தில் நின்றால் எல்லாரும் 'இந்தி' என்று ஒரே பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை, தங்கும் இடத்தில் கேளுங்கள். ஆதார், ஊர் முகவரி, செல்போன் எண் எதையும் கேட்காதீர்கள். கேட்டால் போலீஸ் விசாரணை என்று நினைப்பார்கள். வங்காளம் பேசுபவர்களுக்கு இந்தப் பயம் கூடுதல், வங்கதேசத்தவரோ என்று சந்தேகப்படுவார்களே என்பதுதான் காரணம். எழுதிக்கொள்ள மாநிலமும் மாவட்டமும் போதும்.

என்ன கேட்பது

'உங்க தாய்மொழி என்ன?' என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தக் கேள்விக்கு வருவது பெரும்பாலும் அடையாளம், வழக்கம் அல்ல. கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு உள்ள விளக்கமே, குழந்தையாக இருந்தபோது தாய் தன்னிடம் பேசிய மொழி என்பதுதான். இன்று அவர் அதை யாரிடமும் பேசாமல் இருக்கலாம்.

அதற்குப் பதிலாக யார் யாரிடம் என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக: தாத்தா ஆச்சி, அப்பா அம்மா, கணவன் மனைவி, அண்ணன் தம்பி அக்கா தங்கை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பக்கத்து வீடு, கடை. மேலே இரண்டு தலைப்பு: 'இவர் பேசுவது', 'அவர் திருப்பிப் பேசுவது'. இந்த இரண்டாவது பத்தியை விட்டுவிட்டால் கணக்கில் உயிர் இல்லை. ஆச்சி சௌராஷ்டிரத்தில் கேட்பார்; பேரன் தமிழில் பதில் சொல்வான். ஆச்சியிடம் மட்டும் கேட்டு எழுதினால் மூன்று தலைமுறையும் சௌராஷ்டிரம் பேசும் வீடு என்று பதிவாகிவிடும்.

பேச்சு வழக்கிலேயே கேளுங்கள். 'ஆச்சி, நீங்க பேரப்பிள்ளைட்ட என்ன பாஷைல பேசுவிய? அவன் என்னதுல பதில் சொல்லுவான்?' என்றால் உடனே பதில் வரும். 'அண்ணாச்சி, ரூவா எண்ணும்போது மனசுக்குள்ள எந்த பாஷைல எண்ணுவிய?' என்பதும், கோபம் வந்தால் எதில் ஏசுவீர்கள் என்பதும் நல்ல கேள்விகள். பேசும் மொழி மாறிய பிறகும் எண்ணுவதிலும் ஏசுவதிலும் பழைய மொழி தங்கியிருக்கலாம்.

'ரெண்டும்தான்' என்று பதில் வந்தால் வற்புறுத்தி ஒன்றாக்காதீர்கள். முதலில் சொன்னதை முதலாகவும் மற்றதை அடைப்புக்குறிக்குள்ளும் எழுதுங்கள். கேள்வியை வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காமல், பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரு பிள்ளையிடமும் பெற்றோர் முன்னால் கேளுங்கள். பெரியவரும் சின்னவரும் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் எழுதுங்கள். அந்த முரணே ஒரு தகவல்.

கட்டம் நிரம்பியதும் மொழியின் நிலை தெரிந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகள் பேசுகிறார்கள், ஆனால் வீட்டோடு சரி என்றால் யுனெஸ்கோ வகைப்பாட்டில் அது பலவீனமான நிலை. பிள்ளைகள் வீட்டில் அதைத் தாய்மொழியாகக் கற்பதே இல்லை என்றால் திட்டவட்டமாக அழியும் நிலை. தாத்தா ஆச்சி பேசுகிறார்கள், அப்பா அம்மாவுக்குப் புரிகிறது, ஆனால் பிள்ளைகளிடம் பேசுவதில்லை என்றால் அதற்கும் அடுத்த படி, கடுமையான அபாயம். ஒரே மொழி வீரவநல்லூரில் ஒரு படியிலும் பாளையங்கோட்டையில் இன்னொரு படியிலும் இருக்கலாம். ஊர்வாரியாகவே எழுதுங்கள்.

சொற்பட்டியல் பதிவு

மொழியின் பெயரை ஆள் சொன்னால் போதாது, பேச்சில் உறுதி செய்ய வேண்டும். மொழியியலில் வழக்கமான சுவதேஷ் பட்டியலில் 100 சொற்கள்: உடல் உறுப்பு, எண், நீர், நெருப்பு, கல், மரம், வா, நட, தின் போன்றவை. அதை எடுத்துக்கொண்டு ஒன்று முதல் பத்து வரை எண்களையும் ஏழெட்டுச் சிறு வாக்கியங்களையும் சேருங்கள். ஒரு ஆளுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம்.

தமிழில் சொல்லி 'இதை உங்க பாஷைல சொல்லுங்க' என்று கேட்டால் தமிழ்ச் சொல்லையே கொஞ்சம் திருகித் தருவார்கள். முடிந்தவரை பொருளைக் காட்டிக் கேளுங்கள். காட்டும்போதும் கவனம் தேவை: கையைக் காட்டினால் சிலர் விரலுக்கும் சிலர் முழங்கைக்கும் சொல் தருவார்கள், கையைத் தோள் முதல் விரல் வரை தடவிக் காட்டிவிட்டு, பிறகு உள்ளங்கையைத் தனியே கேளுங்கள். வினைச்சொல்லைத் தனியாகக் கேட்காமல் 'அவன் நேற்று சாப்பிட்டான்' என்று வாக்கியமாகக் கேளுங்கள். மாமா, அத்தை போன்ற முறைப்பெயர்களையும் கடைச் சரக்குகளையும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அவை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குச் சுலபமாகத் தாவும்.

வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் இந்தியில் அடைக்காமல் இருக்க ஒரே வாக்கியம் உதவும்: 'நான் போய்க்கொண்டிருக்கிறேன்.' வீட்டில் அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். இந்தியில் 'மை ஜா ரஹா ஹூ' என்று வரும் (எழுத்தின் மேல் வரும் சிறு எண்களுக்கு விளக்கம் கீழே). போஜ்புரியில் 'ஹம் ஜாத் பா³னி', மைதிலியில் 'ஹம் ஜாயித் சீ²', வங்காளத்தில் 'ஆமி ஜாச்சி²', ஒடியாவில் 'மு ஜாவுசி²'. ஊருக்கு ஊர் சற்று மாறும், ஆனால் வினையின் வால் காட்டிக் கொடுத்துவிடும். பீகாரிலிருந்து வந்தவர் முதலில் இந்தி என்று சொல்லிவிட்டு இந்த வாக்கியத்தில் போஜ்புரியோ மைதிலியோ பேசுவது சகஜம். இரண்டையும் எழுதுங்கள்: சொன்ன பெயர் ஒரு பத்தியில், பேசியது அடுத்த பத்தியில்.

பதிவுக்குச் செல்போன் போதும். வேவ் வடிவத்தில் பதியும் செயலியைத் தேர்ந்தெடுத்து 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஒற்றைத் தடம் என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 5.8 எம்பி, ஒரு மணி நேரத்துக்கு 350 எம்பிக்குச் சற்றுக் குறைவு. வாட்ஸ்அப் குரல் செய்தியாக வாங்காதீர்கள். அது ஒலியைச் சுருக்கிவிடும். க, ட, த, ப போன்ற வெடிப்பொலிகளுக்குள் உள்ள வேறுபாடு மங்கிப்போகும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை, நடுவில் மூச்சு விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். முதல் தடவை பாடம் ஒப்பிப்பதுபோல் வரும், மூன்றாவது தடவை இழுத்துப் போகும். ஒப்பீட்டுக்கு நடுவில் உள்ளதை எடுங்கள்.

ஃபேனை நிறுத்துங்கள். தறி ஓடும் வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம் பாருங்கள். ஆனி, ஆடியில் சாரல் காற்று மைக்கில் அறைந்து பதிவு முழுக்க உறுமும். திண்ணையை விட்டு உள்ளறைக்குப் போங்கள், மைக் துளையை மெல்லிய பருத்தித் துணியால் மூடுங்கள். கோயில் கொடை நடக்கும் வாரத்தில் எந்தத் தெருவிலும் பதிவு நடக்காது, முயற்சியே வேண்டாம்.

பதிவின் தொடக்கத்தில் தேதி, ஊர், தெரு, மொழிக்கு அவர்களே சொல்லும் பெயர், பேசுபவரின் வயது, வரிசை எண் ஆகியவற்றை உங்கள் குரலில் சொல்லுங்கள். ஆளின் பெயர் வேண்டாம். பிறகு சம்மதத்தை அதே ஒலிக்கோப்பில் கேட்டு வாங்குங்கள்: வகுப்பில் மட்டும் போடலாமா, இணையத்தில் போடலாமா, யாருக்கும் தராமல் வைக்க வேண்டுமா? மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பொத்தாம் பொதுவாகக் கேட்டு வாங்கும் 'சரி' பின்னால் வம்பில் கொண்டு விடும்.

தமிழ் எழுத்தில் எழுதும்போது

மேலே 'பா³னி' என்று எண் போட்டு எழுதியதற்குக் காரணம் உண்டு. தண்ணீருக்கு இந்தியிலும் உருதிலும் வருவது 'பானி'. போஜ்புரி வாக்கியத்தின் கடைசிச் சொல்லின் முதல் ஒலி வேறு. உதடு திறக்கும் முன்பே தொண்டை அதிரும். எண் இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒன்றாகி, 'நான் போகிறேன்' தண்ணீர் கேட்டதாக மாறிவிடும். சுலோகப் புத்தகங்களில் உள்ள பழைய வழியே போதும்: ப (எண் இல்லை), ப², ப³, ப⁴. எண் இல்லாதது சாதா, 2 மூச்சோடு, 3 தொண்டை அதிர, 4 அதிர்வும் மூச்சும். க, ச, ட, தவுக்கும் இதே. தமிழ் எழுத்தில் சௌராஷ்டிரம் அச்சிடுகிறவர்களும் இந்த எண்களைப் பயன்படுத்துகிறார்கள். சௌராஷ்டிரத்துக்குத் தனி எழுத்து உண்டு, 2008இல் யுனிகோடில் சேர்ந்தது. அதைப் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அதிலும் எழுதி வாங்குங்கள். சர்வதேச ஒலிக்குறிகள் தெரிந்தவர் குழுவில் இருந்தால் இன்னும் நல்லது. தெரியாதென்று வேலையை நிறுத்த வேண்டாம், ஒலிக்கோப்பு இருக்கிறதே.

தொண்டை அதிர்வு சந்தேகமாக இருந்தால் பேசுபவரையே குரல்வளையில் விரல் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி மென்பொருளில் கோப்பைத் திறந்து அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். உதடு திறக்கும் இடத்துக்கு முன்னால் சின்ன அலைகள் ஓடினால் அது 3 அல்லது 4.

கணக்கு

ஒரு தெருவின் மொழிப் பன்மையை ஒரே எண்ணில் சொல்ல 1956இல் மொழியியலாளர் கிரீன்பெர்க் தந்த வழி ஒன்று இருக்கிறது. கண்ணை மூடி இரண்டு பேரைப் பொறுக்கினால் அவர்கள் தாய்மொழி வெவ்வேறாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒவ்வொரு மொழியின் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டி 1இலிருந்து கழிக்க வேண்டும். 40 பேரில் தமிழ் 24, சௌராஷ்டிரம் 12, தெலுங்கு 4 என்று வைத்துக்கொள்வோம். பங்கு 0.6, 0.3, 0.1. வர்க்கங்கள் 0.36, 0.09, 0.01, கூட்டினால் 0.46. விடை 0.54. எல்லாரும் ஒரே மொழி என்றால் 0. பப்புவா நியூ கினி 1ஐத் தொட்டுக்கொண்டு நிற்கும் நாடு.

இந்த எண்ணில் ஒரு ஓட்டை: தமிழும் மலையாளமும் அருகில் இருப்பதற்கும், தமிழும் ரஷ்யனும் தொலைவில் இருப்பதற்கும் இது வித்தியாசம் பார்க்காது. எனவே பக்கத்திலேயே குடும்பத்தையும் எழுதுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் திராவிடம். சௌராஷ்டிரம், நரிக்குறவர் பேசும் வாக்ரிபோலி, உருது, மார்வாரி, ஒடியா, வங்காளம் இந்தோ-ஆரியம்; ரஷ்யனும் இதே பெரிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் ஸ்லாவியக் கிளை. ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் சந்தாளி பேசினால் ஆஸ்திரோ-ஆசியக் குடும்பமும் உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது என்று பொருள்.

வரைபடம்

எக்ஸெல் அட்டவணையில் தெருவின் அட்சரேகை, தீர்க்கரேகை, மொழி, ஆள் எண்ணிக்கை, பேச்சு நிலை என்று பத்திகள் போட்டு, கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் ஏற்றினால் வரைபடம் தயார். அமைவிடத்தை மூன்று தசம இடங்களோடு நிறுத்துங்கள். அது சுமார் நூறு மீட்டர் துல்லியம், தெரு தெரியும், வீடு தெரியாது. ஐந்தாறு தசம இடங்கள் போட்டால் எந்த வீடு என்றே காட்டிக் கொடுக்கும். பகுதி முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்பாதீர்கள். கலந்த தெருவுக்குச் சிறு வட்டப் பங்குப் படம் வையுங்கள். வெளியூர்த் தொழிலாளர் இருக்கும் இடங்களில் மாதத்தையும் குறியுங்கள். தீபாவளி, பீகாரிகள் கொண்டாடும் சட் பூஜை, தேர்தல் சமயங்களில் எடுத்தால் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள்.

கடைசியாக, ஒவ்வொரு மொழிக்கும் ஐஎஸ்ஓ 639-3 என்ற மூன்றெழுத்துக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். சௌராஷ்டிரத்துக்கும் காணி மொழிக்கும் தனிக் குறியீடு உண்டு. மக்கள் சொல்லும் பெயரும் பட்டியலில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் மாற்றுப் பெயர்களிலும் தேடுங்கள். ஒரே மொழிக்கு ஐந்தாறு பெயர் இருக்கும், சில அந்த மக்களுக்குப் பிடிக்காத பெயர்கள். வரைபடத்தில் அவர்கள் சொன்னதையே போடுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று கிடைத்ததாகத் தோன்றினால் அறிவிக்கும் முன் அதே குடியிருப்பில் இன்னும் மூன்று பேரிடம் பட்டியலைப் பதிவு செய்து, அருகிலுள்ள மொழியோடு 100 சொல்லையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். கடன் சொற்களைக் கழித்த பிறகும் வேற்றுமை நின்றால் மூலக் கோப்புகளோடு பல்கலைக்கழக மொழியியல் துறை ஒன்றுக்கு எழுதலாம். புதிய குறியீடு கேட்டு, இந்தக் குறியீடுகளைப் பராமரிக்கும் எஸ்ஐஎல் அமைப்புக்கு யாரும் விண்ணப்பிக்கலாம். எந்த ஆதாரத்தில் கேட்கிறீர்கள் என்று படிவத்தில் எழுத வேண்டியிருக்கும், அப்போது அந்தப் பதிவுகள்தான் கைகொடுக்கும்.